பந்து யாரிடம் இருந்தது?

கேள்வி: பள்ளி அணியில் ஆடும் என் மகன், "பந்து எங்களிடம்தான் அதிக நேரம் இருந்தது, ஆனாலும் தோற்றுவிட்டோம்" என்கிறான். கால்பந்தைக் கணக்கால் புரிந்துகொள்ள முடியுமா?
— ஒரு வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: முடியும். எதை எண்ணுகிறோம் என்பதுதான் முக்கியம். பந்து யாரிடம் இருந்தது என்பதைவிட, கோலை நோக்கி எங்கிருந்து அடித்தார்கள் என்பதே அதிகம் சொல்லும். பெனால்டிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 கோலாகும். பெட்டிக்கு வெளியிலிருந்து அடிப்பவற்றில் மிகச் சிலவே தேறும்.

2018 மார்ச் 17, பெங்களூரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதிப்போட்டி. சென்னையின் எஃப்.சி. 3-2 என வென்றது. அந்த மூன்றில் இரண்டு, கார்னர் உதையில் வந்த பந்தை மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிப் போட்டவை! பந்து வைத்திருந்த நேரக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

கணக்கும் ஏமாற்றும். 1950இல் இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் பென்சிலும் நோட்டுமாக ஆட்டங்களை எண்ணத் தொடங்கினார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுவதைக் கண்டு, பந்தை நீளமாக உதைத்து ஆடுவதே சரி என்றார். கோலில் முடியாத நகர்வுகளிலும் பெரும்பாலானவை அவ்வளவு குறுகியவைதான் என்பதற்கு அவர் உரிய இடம் தரவில்லை.

மகனிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். மைதானப் படம் வரைந்து, இரு அணிகளும் அடித்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு புள்ளி வைக்கட்டும், கோலானதை வட்டமிடட்டும். ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஒரு பருவம் முழுக்கக் குறிக்கட்டும்.