எண்ணைப் பார்த்து ராடு வாங்காதீர்கள்

ரொட்டவேட்டர் பிளேடு, கல் கிரஷரின் ஜா பிளேட், பொக்லைன் வாளியின் பல் மூன்றும் தேய்கின்றன. ஆனால் தேயும் விதம் வேறு. இவற்றின் மேல் கடின உலோகத்தை வெல்டிங் ராடு கொண்டு ஏற்றும் ஹார்டு ஃபேசிங் வேலை சிறு பட்டறைகளிலும் நடக்கிறது. அங்கே புழங்கும் சில நம்பிக்கைகள் காசை வீணாக்குகின்றன. சில சமயம் பாகத்தையே உடைத்துவிடுகின்றன.

நம்பிக்கை: கடினத்தைக் காட்டும் ராக்வெல் எண் கூடினால் தேய்மானம் குறையும்.

உண்மை: ராக்வெல் ‘சி’ அளவில் 60 காட்டும் இரண்டு உலோகங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்த எஃகு. மற்றது, குரோமியமும் கார்பனும் மிகுந்த பூச்சு. மணலில் உரசினால் பூச்சுதான் நீடிக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் 1,000-க்கும் மேல். குளிர்வித்த எஃகு 900-ஐத் தாண்டுவது அரிது; அதனால் மணல் அதைக் கீறிவிடும். பூச்சுக்குள் இருக்கும் குரோமியம் கார்பைடுத் துகள்களின் கடினமோ 1,200-க்கு மேல். மணலின் கீறல் அங்கே நின்றுவிடுகிறது. ராக்வெல் கருவி துகளையும் அதைச் சுற்றியுள்ள உலோகத்தையும் சேர்த்து அழுத்துவதால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

நம்பிக்கை: கார்பைடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

உண்மை: கார்பைடு உரசலைத் தாங்கும், அடியைத் தாங்காது. கான்கிரீட்டில் ஜல்லிக்கு உள்ள இடம்தான் பூச்சில் கார்பைடுக்கு. பிடித்து நிறுத்தும் கலவை குறைந்தால் இரண்டும் பெயரும். கார்பைடுகள் பெரிதாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் விரிசல் தடையின்றி ஓடும். சிறிதாகப் பிரிந்து, இடையில் வளைந்து கொடுக்கும் உலோகம் இருந்தால் விரிசல் அங்கே மழுங்கி நிற்கும்.

நம்பிக்கை: கல் உடைக்க மிகக் கடினமான எஃகு வேண்டும்.

உண்மை: 1882-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய மாங்கனீசு எஃகுதான் இன்றும் ஜா பிளேட்டுக்குப் பெரிதும் பயன்படுகிறது. அதில் மாங்கனீசு சுமார் 12 சதவீதம். புதிதாக இருக்கும்போது அதன் கடினம் பிரினெல் அளவில் 200 அளவுதான். கல்லின் அடி விழ விழ, மேற்பரப்பு மட்டும் இறுகி 500 வரை ஏறும். உட்புறம் உடையாமல் தாங்கும். அடியில்லாமல் மணல் மட்டும் உரசும் இடத்தில் அது இறுகாது, விரைவில் தேயும். வெல்டிங்கின்போது இந்த எஃகை நீண்ட நேரம் சூடேற விடக்கூடாது. விட்டால் எஃகின் படிக மணிகளின் எல்லையில் கார்பைடு படிந்து எஃகு உடையும். 260 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருப்பது பாதுகாப்பு.

நம்பிக்கை: பூச்சில் விரிசல் தெரிந்தால் வெல்டர் சரியில்லை.

உண்மை: குரோமியம் கார்பைடுப் பூச்சு குளிரும்போது சுருங்கும், வளைந்து கொடுக்காததால் வெல்டிங் வரியின் குறுக்கே நுண்விரிசல் விடும். அது இழுவிசையைத் தணிக்கும் இயல்பான விரிசல். பூச்சுக்குக் கீழுள்ள பாகத்தின் உலோகத்துக்குள் இறங்கும் விரிசலும், பூச்சின் அடியில் படுக்கையாக ஓடும் விரிசலும்தான் ஆபத்து. அடி வாங்கும் பாகத்தில் முதலில் வளைந்து கொடுக்கும் இடைப்பூச்சு ஒன்று போடுவது அவற்றைத் தடுக்கவே.

ஆகவே கடைக்குப் போகும்முன் தேய்ந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோடு கோடாகக் கீறியிருந்தால் கார்பைடு மிகுந்த ராடு கேளுங்கள். நசுங்கியோ உடைந்தோ இருந்தால் அடி தாங்கும் ராடு கேளுங்கள். எண்ணை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.