டைட்டேனிய மின்வாய்

பெருமுக்கல் குன்றிற்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களில், உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சி நிற்கும் கசப்பு நீரை நம்மவர் பலரும் அறிவர். அக்கசப்பிற்குக் காரணமானவற்றுள் மக்னீசியம் குளோரைடு தலையாயது. மக்னீசியம் என்னும் உலோகமே டைட்டேனியத்தை அதன் குளோரைடினின்றும் பிரித்தெடுக்க உதவுவது. வில்லியம் கிரோல் என்னும் அறிஞர் வகுத்த இம்முறையாற் கிடைக்கும் உலோகம் துளைகள் மிக்கதாயிருத்தலின் 'பஞ்சு' எனப்படும். கேரள நாட்டுச் சவராவில் 2011-ஆம் ஆண்டில் இதற்கென ஓர் ஆலை தொடங்கப்பெற்றது. இப்பஞ்சு கட்டியான உலோகமாவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

டைட்டேனியம் ஏறத்தாழ 1,668 பாகை வெப்பத்தில் உருகும். உருகிய நிலையில் அது மூசையை அரித்து அதிலுள்ள பிராணவாயுவைக் கவரும். காற்றுப்படின் நைட்ரஜனையும் ஏற்று எளிதில் நொறுங்கும் இயல்பெய்தும். ஆதலின் கொல்லனது உலையும் மூசையும் இதற்கு உதவா. இவ்விடர்க்கு வழி யாதெனின், உருக்க வேண்டிய உலோகத்தையே மின்வாயாக அமைத்தலாம்.

முதற்கண் பஞ்சைச் சிறு துண்டுகளாக நொறுக்கி, சேர்க்க வேண்டிய உலோகங்களை அளந்து கலப்பர். பெருவழக்கிலுள்ள கலவையில் அலுமினியம் நூற்றுக்கு 6 பங்கும், வனேடியம் 4 பங்கும் உள. வனேடியம் எளிதில் உருகாததாகலின், அதனை முன்னரே அலுமினியத்தோடு உருக்கிப் பொடித்துச் சேர்ப்பர். பின்னர்க் கலவையை நீரழுத்தப் பொறியிலிட்டு, நெருப்பின்றியே இறுகிய கட்டிகளாக அழுத்துவர். அக்கட்டிகளை வரிசையாக அடுக்கி, ஆர்கன் வாயு நிரம்பிய அறையிற் பற்றவைக்க, நீண்ட மின்வாய் உருவாகும். டங்ஸ்டன் முனைகொண்டு பற்றவைத்தல் தகாது. அதன் துணுக்கு வீழின், கரையாது தங்கி உலோகத்தைக் கெடுக்கும்.

இம்மின்வாயைக் காற்றகற்றிய உலையில் தொங்கவிட்டு, கீழே நீராற் குளிர்விக்கப்படும் செப்பு அச்சினை அமைத்து, மின்சாரத்தைச் செலுத்துவர். மின்வில் தோன்ற, மின்வாயின் நுனி துளித்துளியாய் உருகி அச்சில் வீழ்ந்து உறையும். அவ்வார்ப்பையே தலைகீழாகத் தொங்கவிட்டு மீண்டும் உருக்குவர். விமான எஞ்சினிற் சுழலும் உறுப்புகட்கு மும்முறை உருக்குதலும் உண்டு. 1973-இல் நிறுவப்பெற்ற ஐதராபாத்து மிதானி நிறுவனத்தார் நம் நாட்டில் இத்தொழிலை நடத்துகின்றனர்.

இத்துணைக் கவனம் எற்றுக்கு எனின், ஒரு நிகழ்ச்சி விடை பகரும். 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், அமெரிக்காவில் சூ சிட்டி விமான நிலையத்தில் ஒரு பெரிய விமானம் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1971-ஆம் ஆண்டில் உருக்கிய டைட்டேனியத்தாலாகிய விசிறித் தட்டு வானிலே பிளந்ததே காரணம். நைட்ரஜன் மிக்க சிறு வன்பகுதி ஒன்று உருக்கும்போதே உலோகத்தில் தங்கி, அவ்விடத்து எழுந்த வெடிப்பு ஆண்டுதோறும் வளர்ந்து, சோதித்தோர் கண்ணுக்கும் தப்பிற்று. அத்தகைய பகுதி, உலோகத்தினும் மிகுந்த வெப்பத்தை வேண்டுவதாகலின், எளிதிற் கரைவதன்று.

ஆகவே, பஞ்சைத் தெரிபவனும், கட்டியைப் பற்றவைப்பவனும் தாம் காணாத பயணிகளின் உயிரைக் கையில் ஏந்தியவராவர். கற்கும் நாமும் ஒருவரும் நோக்காத சிறு வேலையைப் பழுதறச் செய்யும் வழக்கத்தை இன்றே மேற்கொள்வோமாக.