மெஷினை மாற்றித் தந்தால் கணக்கு முடிந்ததா?

வாஷிங் மெஷின் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் எழுந்த என் தங்கை கால் வைத்தது தண்ணீரில். குழாயையும் மெஷினையும் இணைக்கும் ஹோஸின் முனையில் இருந்த பிளாஸ்டிக் நட் பிளந்து, மாடித் தொட்டித் தண்ணீர் அத்தனையும் வீட்டுக்குள் இறங்கியிருந்தது. பிளைவுட் அலமாரியின் அடிப்பக்கம் ஊறி உப்பி, மேலே ஒட்டியிருந்த மைக்கா அப்பளம் போல எழும்பி நின்றது. கீழ்த்தட்டில் இருந்த பட்டுப் புடவைகளில் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறியிருந்தது.

போன் செய்ததும் கடையிலிருந்து ஆள் வந்தார். மெஷின் வந்த அன்று ஹோஸை மாட்டிக் கொடுத்தவரும் அவர்தான். புது ஹோஸைப் பொருத்திவிட்டு, உடைந்த நட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "அதைக் கொடுத்துட்டுப் போங்க தம்பி" என்று தங்கை கேட்டாள். "டேமேஜ் பீஸைக் கம்பெனிக்கு அனுப்பணும் மேடம்" என்றார். நான் பக்கத்தில் இருந்ததால் விடவில்லை. கேட்டு வாங்கினோம். மரைக்குச் சற்று மேலே, நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படுகிற மெல்லிய விரிசல் ஒன்று சுற்றிலும் ஓடியிருந்தது. அதை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வைத்தோம்.

இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். உடைந்த பொருள்தான் உங்கள் முதல் சாட்சி; அதைக் கையைவிட்டுப் போக விடாதீர்கள். கடை கட்டாயம் கேட்டால், எல்லாப் பக்கமும் படம் எடுத்து, வரிசை எண்ணைக் குறித்து, "இன்ன பாகம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிய பிறகு கொடுங்கள். குறைபாட்டைச் சோதித்துத்தான் அறிய வேண்டுமென்றால், நுகர்வோர் ஆணையமே பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை தரச் சொல்லும். அனுப்பப் பொருள் இருந்தால்தானே? பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழைத்துப் பிரித்துப் பார்ப்பதும் வேண்டாம். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ விற்றவருக்குப் பொறுப்பில்லை என்று சட்டமே சொல்கிறது. எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான்.

கடையில் கிடைத்த பதில் நீங்களும் கேட்டிருக்கக் கூடியதுதான். "வேணும்னா மெஷினையே மாத்தித் தர்றோம் சார். அலமாரிக்கும் புடவைக்கும் நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?" பலர் இந்த இடத்தில் சரி என்று திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பழுதான பொருளை மாற்றித் தருவது ஒரு கடமை. அந்தப் பழுது வீட்டில் செய்த சேதத்தை ஈடுகட்டுவது வேறொரு கடமை. ஒன்றைச் செய்ததால் மற்றது தீர்ந்துவிடாது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் வைத்திருக்கிறது: 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். குறைபாடுள்ள பொருளால் உடலில் காயம், நோய், உயிரிழப்பு, மற்ற உடைமைகளுக்குச் சேதம், அவற்றோடு வரும் மன உளைச்சல் ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்கலாம். அந்தப் பொருளுக்கே ஆன சேதம் இந்தக் கணக்கில் வராது. அதற்குப் 'பழுதான பொருள்' என்ற வழியில் மாற்றோ பணமோ கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே புகாரில் தனித்தனித் தலைப்பில் எழுதலாம். கடையை மூடி வைத்ததால் போன வியாபாரம் போன்ற வணிக இழப்புக்கு இந்த அத்தியாயத்தில் இடமில்லை.

கடைக்காரர் எப்போது பொறுப்பு? எல்லா நேரத்திலும் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தயாரிப்புக் குறைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் தயாரிப்பாளர். விற்பவரை இழுக்கும் சூழ்நிலைகளை 86-ஆவது பிரிவு சொல்கிறது. பொருளைப் பொருத்துவதிலோ சரிபார்ப்பதிலோ கவனம் தவறி, அதனால் சேதம் நேர்ந்திருந்தால் அவர் பொறுப்பு. தங்கை வீட்டு ஹோஸை மாட்டியது கடையின் ஆள் என்பது அதனால்தான் முக்கியமாயிற்று. தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்கியவரிடம் சொல்லாமல் விட்டதால் தீங்கு நேர்ந்தாலும், பொருளை மாற்றியமைத்து விற்று அதனால் கேடு வந்தாலும், கம்பெனி உத்தரவாதத்துக்கு மேல் தானாக ஓர் உத்தரவாதம் கொடுத்து அது பொய்த்தாலும் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெயரில்லாத சார்ஜர் தீப்பிடித்தால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் மேல் தவறு என்று நாம் வீட்டில் உட்கார்ந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. புகாரில் கடை, கம்பெனி இருவரையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி, சர்வீஸ் முடிந்ததும் கேட்கும் கையெழுத்து அல்லது ஓடிபி. 'எல்லாக் குறையும் தீர்ந்தது' என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அலமாரியைப் பற்றிப் பேசுவது கடினம். மாற்றுப் பொருளை வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் "மற்ற சேதங்களுக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓடிபி என்றால் அன்றைக்கே அதே வரியை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

தொகையைக் கேட்கும்போது நியாயமாகக் கேளுங்கள். ஆறு வருஷத்து அலமாரிக்குப் புது அலமாரியின் முழு விலையைப் போட்டால், உண்மையான சேதத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். தச்சரிடம் பழுதுபார்க்கும் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கினோம். புடவைகளைத் துணி வெளுப்பவரிடம் காட்டி, எது தேறும், எது தேறாது என்று எழுதி வாங்கினோம். காயமென்றால் மருத்துவமனைச் சீட்டும் மருந்து ரசீதும், தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கையும் வேண்டும். துடைத்துச் சுத்தம் செய்வதற்கு முன்பே படம் எடுங்கள். பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம்தான். அப்படிச் சிக்கிக்கொண்டாலும் யூபிஐ பதிவு, கடை முத்திரையுள்ள உத்தரவாத அட்டை போன்றவை கைகொடுக்கும்.

பிறகு ஒரு கடிதம். வாங்கிய தேதி, நடந்தது, சேதப் பட்டியல், தொகை, பதினைந்து நாள் கெடு; இவ்வளவு போதும். கோபத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். பல கடைகள் அதிலேயே இறங்கி வரும். ஆனால் இழப்பீடு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை.

அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை. கேட்கும் இழப்பீடு அல்ல. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம்தான். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இதைவிட நீளும். அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

சேதம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். "மேலிடத்துல பேசிட்டுச் சொல்றோம்", "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று கடையில் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டிலிருந்துதான் கழியும். எங்கள் கடிதத்தின் கெடு முடிந்த மறுநாளே, நட் இருந்த கவரை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு நானும் தங்கையும் புகாரை எழுத உட்கார்ந்தோம்.