வாரிசு சான்றா, சக்சஷனா, புரோபேட்டா?

கருமாதி முடிந்த கையோடு வீட்டில் தொடங்கும் பேச்சு இது. "பேங்க்ல வாரிசு சர்டிபிகேட் கேக்கறாங்க." "இல்ல, கோர்ட்ல சக்சஷன் வாங்கணும்னு வக்கீல் சொல்றார்." "உயில்தான் ரிஜிஸ்டர் ஆயிருக்கே, அப்புறம் என்ன?" மூன்று பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம், ஆளுக்கொரு சொத்தை மனத்தில் வைத்துக்கொண்டு. எதற்கு எந்தக் காகிதம் என்று பிரித்துப் பார்க்காமல் நீதிமன்றப் படி ஏறுவதில்தான் காசும் காலமும் கரைகின்றன. தமிழ்நாட்டில், சண்டை இல்லாத குடும்பங்கள் பலவற்றுக்கு நீதிமன்றம் தேவையே படாது. தேவைப்படுகிறவர்கள்தான் தாமதமாகப் போகிறார்கள்.

இறப்புச் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் பத்திரத்திலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். 'கோவிந்தசாமி' ஓரிடத்தில் 'கோவிந்தராஜ்' ஆகிவிட்டால், பிற்பாடு இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஒரு தனி அலைச்சல்.

பணத்திலிருந்து தொடங்குவோம். வங்கிக் கணக்கில் நாமினி இருந்தால், வாரிசு சான்றோ நீதிமன்ற ஆவணமோ இல்லாமல் பணம் அவர் கைக்கு வரும். ஆனால் கைக்கு வருவது வேறு, உரிமை வேறு. வங்கியைப் பொறுத்தவரை பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான் நாமினி. மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை அவரிடம் கேட்கலாம். பங்குகள் விஷயத்திலும் நாமினி முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. "அண்ணன்தானே நாமினி, எல்லாம் அவனுக்குத்தான்" என்று ஒதுங்கிவிடும் தங்கைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாமினி இல்லையென்றாலும் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, உயிலோ தகராறோ இல்லாத கணக்குகளில் 15 லட்சம் ரூபாய் வரை (கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரை) நீதிமன்ற ஆவணம் கேட்காமல் தரவேண்டும். கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, வாரிசு சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், இண்டெம்னிட்டி பத்திரம் ஆகியவை போதும். எல்லாக் காகிதமும் கொடுத்த 15 நாளுக்குள் முடித்துத் தரவேண்டும் என்பதும் விதி. கவுன்டரில் இருப்பவர் வாய்மொழியாக "சக்சஷன் கொண்டுவாங்க" என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதும் கோரிக்கை இறங்கிவிடுவது உண்டு. டீமேட் பங்குகளுக்கும் செபி இதேபோல 15 லட்சம் வரை எளிய வழி வைத்திருக்கிறது.

இதற்கெல்லாம் அடிப்படை, தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரித்து அறிக்கை தருவார்கள், கட்டணம் சொற்பம். இதில் திரும்பத் திரும்ப நடக்கும் கோளாறு ஒன்று. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பனார் இரண்டாம் வகுப்புதான். மகனைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை விண்ணப்பத்தில் எழுத மறந்துவிடுகிறார்கள். பிறகு வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வக்கீல் இறப்புத் தேதியைப் பார்த்து, "அன்னைக்கு அவங்க அம்மா உயிரோட இருந்தாங்களா?" என்று கேட்பார். அதற்குள் பாட்டியும் போயிருந்தால், அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போயிருக்கும். நான்கு பேர் கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய கிரயத்துக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிடுவதும் இதே ரகம், ஆனால் அது பெரும்பாலும் மறதியில் நடப்பதில்லை.

தாசில்தார் சான்று, யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்கிறது. யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. யாராவது ஆட்சேபித்தால், அல்லது இரண்டு மனைவி என்ற பேச்சு வந்தால், தாசில்தார் கையை விரித்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். அதில் அவர்மேல் குற்றமில்லை.

சக்சஷன் சான்றுக்குப் போகவேண்டியது எப்போது? தொகை பெரிது, நாமினி இல்லை, வங்கியோ கம்பெனியோ எழுத்திலேயே கேட்டுவிட்டது என்றால். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 372ஆம் பிரிவில், இறந்தவர் குடியிருந்த பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலோ, அந்த அதிகாரம் தரப்பட்ட சார்பு நீதிமன்றத்திலோ மனு போடவேண்டும். ஒவ்வொரு டெபாசிட்டின் எண், கிளை, தொகை எல்லாம் அட்டவணையில் ஏறவேண்டும். விட்டுப்போன ஒரு ரசீது பீரோவில் பிற்பாடு கிடைத்தால், சான்றை நீட்டிக்கக் கேட்டு மறுபடியும் மனு. ஆகவே பாஸ்புக், வருமானவரிப் படிவம், தபால்கள் எல்லாவற்றையும் அலசிவிட்டே வக்கீலிடம் போங்கள். மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ், பத்திரிகையில் விளம்பரம் என்று யாரும் எதிர்க்காவிட்டாலும் மாதங்கள் ஓடும். நீதிமன்றக் கட்டணம் தொகையை ஒட்டி ஏறும். செலவுக்கு ஈடாகக் கிடைப்பது இது: சான்றை நம்பிப் பணம் கொடுத்தவரை நாளை இன்னொரு வாரிசு வந்து கேள்வி கேட்க முடியாது. வங்கி இதை விரும்புவதன் காரணமும் அதுதான்.

வீட்டுக்கும் நிலத்துக்கும் சக்சஷன் சான்று கிடையாது. இறந்தவருக்கு வரவேண்டிய கடனும் முதலீட்டுப் பத்திரங்களும்தான் அதன் எல்லை. நிலத்துக்கென்று இதை வாங்கச் சொல்லும் தரகரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். உயில் இல்லாத வீட்டுக்கும் மனைக்கும் வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிந்துகொண்டு, பட்டா மாறுதல் செய்வதே நேர்வழி. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. வாரிசுகளில் ஒரு மைனர் இருந்தால் மட்டும் நிதானியுங்கள். பெற்ற தாயே ஆனாலும், இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் பிள்ளைக்கு வந்த பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் எழுதிக்கொடுத்தால், மேஜரான பிறகு பிள்ளை அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

உயில் இருந்தால் கதை மாறுகிறது. உயிலில் நிறைவேற்றுநர் என்று ஒருவரைக் குறிப்பிட்டிருந்தால் அவர் கேட்பது புரோபேட். யாரையும் குறிப்பிடவில்லை என்றால், சொத்து பெறுபவர் கேட்பது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன். பலன் ஏறக்குறைய ஒன்றே. சென்னை நகருக்குள் எழுதிய உயிலுக்கும், நகருக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய உயிலுக்கும், இந்துக்கள் புரோபேட் வாங்கினால்தான் நீதிமன்றத்தில் உரிமை கொண்டாட முடியும் என்று அதே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213ஆம் பிரிவு நெடுங்காலம் கட்டிப்போட்டிருந்தது. மதுரைக்காரருக்கு இல்லாத தலைவலி மயிலாப்பூர்க்காரருக்கு இருந்தது. அந்தப் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் பழக்கதோஷத்தில் கடன் தரும் வங்கிகளின் வக்கீல்கள் கேட்கக்கூடும்.

கட்டாயம் போய்விட்டதால் புரோபேட்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உயில் ஒரு பிள்ளையை ஒதுக்கியிருக்கிறது, அல்லது கவனித்துக்கொண்ட மருமகளுக்கோ வெளியாளுக்கோ பெரும்பங்கு தந்திருக்கிறது, அல்லது சாகும் தறுவாயில் எழுதப்பட்டது என்றால் வாங்கிவிடுவதே புத்தி. அந்த உயில் உண்மையானது என்று நீதிமன்றம் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் தீர்ப்பு அது. சொத்து இறந்தவருக்கு உரியதா என்பதை மட்டும் அது தீர்மானிக்காது; அந்தத் தகராறுக்கு வழக்கு தனி. மாறாக, மனைவிக்கே எல்லாம் என்று எழுதி, பிள்ளைகளும் சம்மதம் என்றால், உயிலோடு பிள்ளைகளின் விடுதலைப் பத்திரம் ஒன்றைப் பதிந்துகொண்டால் போதும்.

"ரிஜிஸ்டர் உயில்" என்பதில் பலருக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கை. பதிவு கட்டாயமில்லை, பதிந்ததாலேயே உயில் நிரூபணமாகிவிடுவதும் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது வந்து, எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அந்த இருவரும் பெரும்பாலும் எழுதியவரின் வயதுக்காரர்கள், அவருடன் நடைப்பயிற்சி போனவர்கள். அவர்களும் போய்விட்டால் கையெழுத்தை அடையாளம் காட்டும் ஆளைத் தேடவேண்டும். நெருங்கிய உறவினர் எதிர்த்து கேவியட் போட்டால் மனு முழு வழக்காக மாறும். சென்னை உயர் நீதிமன்றத்தில் அதற்கு டி.ஓ.எஸ். என்று தனி எண்ணே உண்டு. ஆண்டுக்கணக்கில் நடக்கும் அந்த வழக்கில் எண்பது வயதுச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு நிச்சயம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே, இந்த வருடம் மனுப் போடுவதா அடுத்த வருடமா என்று முடிவு செய்யுங்கள்.