முதலில் நீளும் கை

நுழையும்முன்

புயலோ வெள்ளமோ வரும் நாளில், துன்புறுவோருக்கு உதவ வேண்டும் என்னும் எண்ணம் பலர் உள்ளத்திலும் எழுகிறது. அவ்வெண்ணம் உயர்ந்தது, போற்றத்தக்கது. ஆயினும், காப்பாற்றச் சென்றவரும் உயிரிழந்தார் என்னும் செய்தியையும் நாம் அவ்வப்போது படிக்கிறோம். மீட்புப் பணிக்கு அன்பும் துணிவும் மட்டும் போதுமா? புதுக்கோட்டை மண் கண்ட ஒரு புயலிலிருந்து தொடங்கி, இவ்வினாவுக்கு விடை தேடுவோம்.

யானையின் பெயர் கொண்ட புயல்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளை. வங்கக் கடலில் உருவான ‘கஜா’ புயல், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ‘கஜா’ என்பது இலங்கை பரிந்துரைத்த பெயர்; யானை என்பது அதன் பொருள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் வீசிய காற்று, பெயருக்கு ஏற்பத் தோப்புகளை மிதித்துச் சென்றது. கடற்கரையோடு நின்றுவிடாமல் மேற்கு நோக்கி நகர்ந்து, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்பகுதிகளையும் அது உலுக்கியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் முதலிய ஊர்கள் தென்னைக்கும் பலாவுக்கும் வாழைக்கும் மலர்ச் சாகுபடிக்கும் பெயர்பெற்றவை. பாட்டன் நட்டுப் பேரன் பயன்கொண்ட மரங்கள் ஓர் இரவில் வேரோடு சாய்ந்தன. மாநிலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. பொழுது விடிந்தபோது, சாலையின் குறுக்கே மரங்களும் மரங்களின்மேல் மின்கம்பிகளும் கிடந்தன. வெளியூரிலிருந்து உதவி வரவேண்டுமானால் முதலில் வழி திறக்கப்பட வேண்டும். அவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர்கள் அந்தந்த ஊர் மக்களே. அரிவாளும் கோடரியும் இரம்பமும் ஏந்தி, கிளைகளைக் கழித்துத் தெருவைத் திறந்தனர். பின்னர் வந்த மின்வாரியப் பணியாளர்களுடன் சேர்ந்து, வண்டி செல்ல இயலாத வயல்களின் ஊடே மின்கம்பங்களைத் தோளில் சுமந்தும் சென்றனர்.

முதலில் வருபவர் யார்?

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்டது. அதன்வழி 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைக்கப்பட்டது. அப்படையின் நான்காம் படையணி அரக்கோணத்தில் இருந்து இயங்குகிறது. புயல் எச்சரிக்கை கிடைத்தவுடன் அதன் அணிகள் கடலோர மாவட்டங்களுக்கு முன்கூட்டியே அனுப்பப்படுகின்றன. தீயணைப்பு மீட்புப் பணித் துறையினரும் காவல்துறையினரும் ஆயத்தமாக இருக்கின்றனர். ஆயினும், நூற்றுக்கணக்கான ஊர்கள் ஒரே இரவில் பாதிக்கப்படும்போது, எந்தப் படையும் எல்லா வாசல்களிலும் ஒரே நேரத்தில் நிற்க இயலாது. இடிந்த சுவரின் அடியில் சிக்கியவருக்கு முதலில் எட்டுவது பக்கத்து வீட்டாரின் கையே.

இவ்வுண்மையை உலகம் பலமுறை கண்டிருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானின் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டோருள் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே ஆவர். அடுத்த ஓராண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அப்பகுதியில் தொண்டாற்றினர். அந்நாட்டினர் 1995ஐத் தன்னார்வத் தொண்டின் முதலாம் ஆண்டு என்றே குறிப்பிடுகின்றனர். கஜா புயலுக்கு மூன்று மாதங்களுக்கு முன், 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோதும், மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிச் சென்று எண்ணற்றோரை மீட்டனர். நீரோட்டத்தை அறிந்த கண்ணும் படகைச் செலுத்தப் பழகிய கையும் அன்று உயிர்காக்கும் கருவிகளாயின.

அன்பு மட்டும் போதுமா?

கோபேக்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1985 செப்டம்பர் 19ஆம் நாள், மெக்சிகோ நகரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. யாரும் அழைக்காமலேயே இளைஞர்கள் இடிபாடுகளுக்குள் புகுந்தனர். இவ்வாறு திரண்ட மக்கள் 800க்கும் மேற்பட்டோரை உயிருடன் மீட்டனர் என்று பேரிடர்ப் பயிற்சி நூல்கள் கூறுகின்றன. அந்நூல்கள் மற்றொரு செய்தியையும் மறைக்காமல் கூறுகின்றன: அம்மீட்புப் பணியின்போது, பயிற்சி பெறாத தன்னார்வலர்கள் 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண் அன்பின் ஆற்றலைக் காட்டுகிறது. இரண்டாம் எண் அறியாமையின் விலையைக் காட்டுகிறது. அங்கே பிழைத்த இளைஞர்கள் தொண்டைக் கைவிடவில்லை. மாறாக, ஒரு மீட்புக் குழுவாக ஒன்றிணைந்து முறையாகப் பழகினர். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் சிற்றுயிரின் பெயரால் அழைக்கப்படும் அக்குழு, பிற நாடுகளில் நேர்ந்த பேரிடர்களிலும் பணியாற்றியுள்ளது.

கரையில் நின்ற அறிவு

பேரிடர் என்பது புயலும் நிலநடுக்கமும் மட்டுமன்று. புதுக்கோட்டை, கண்மாய்களும் குளங்களும் ஊருணிகளும் நிறைந்த மாவட்டம். கல் வெட்டிய பள்ளங்களிலும் மழைநீர் ஆழமாகத் தேங்குகிறது. விடுமுறை நாளில் குளிக்கச் சென்ற சிறுவன் ஒருவன் மூழ்குவான், அவனைக் காக்க நண்பன் குதிப்பான், மூழ்குபவன் அச்சத்தால் நண்பனின் கழுத்தை இறுகப் பற்றுவான், இருவரும் மூழ்குவர். இத்தகைய துயரங்களில் குறையாக இருந்தது அன்பன்று, முறையறிவே.

நீர்நிலை மீட்பில் ஒரு வரிசை உண்டு. கரையில் நின்றே கையையோ கம்பையோ நீட்டுதல் முதற்படி. எட்டாவிடில் கயிறு, துணி, மிதக்கும் பொருள் ஆகியவற்றை வீசுதல் இரண்டாம் படி. படகு கிடைக்குமாயின் அதில் செல்லுதல் மூன்றாம் படி. நீரில் இறங்கி நீந்துதல் இறுதிப்படி; அதுவும் மீட்பு நீச்சலில் பயிற்சி பெற்றவருக்கே உரியது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நால்வர் நீரில் மூழ்கினர். அங்கிருந்த பெண்கள் மூவர் தாம் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து நீரில் வீசினர். அவற்றைப் பற்றிய இருவர் உயிர் பிழைத்தனர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. அப்பெண்களின் துணிவைப் பாராட்டித் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. நீரில் பாய்வதற்கு மாறாக, எட்டாத கைக்கு ஒரு சேலையை நீட்டலாம் என்று எண்ணிய நொடியே இரண்டு உயிர்களைக் காத்தது.

பயிற்சி தரும் ஒழுங்கு

இந்நொடியறிவைப் பலருக்கும் பழக்கமாக்குவதே பயிற்சியின் நோக்கம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் ‘ஆப்த மித்ரா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பேரிடர்க்கால நண்பன் என்பது அதன் பொருள். முதற்கட்டமாக 30 மாவட்டங்களில் 6000 தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கத் திட்டமிடப்பட்டது. பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. முதலுதவி, வெள்ள மீட்பு, தேடுதல் முறை, கயிற்று முடிச்சுகள் முதலியன கற்பிக்கப்படுகின்றன.

பயிற்சி பெற்றவரை அவரது விரைவைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. அவர் காக்கும் பொறுமையைக் கொண்டும் அறியலாம். இடிந்த வீட்டின்முன் அவர் உடனே மண்வெட்டியை எடுப்பதில்லை. முதலில் சூழலை நோக்குகிறார். சுவர் மேலும் சரியுமா, மின்கம்பி கிடக்கிறதா, எரிவாயு கசிகிறதா எனக் காண்கிறார். பிறகு அனைவரையும் அமைதி காக்கச் செய்து, உரக்கக் குரல் கொடுத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்கிறார். மெல்லிய முனகலோ கல்லால் தட்டும் ஒலியோ அவ்வமைதியில்தான் கேட்கும். கூட்டத்தின் இரைச்சல் ஓர் உயிரின் குரலை மூடிவிடக்கூடும் என்பதை அவர் அறிவார். தம்மால் இயலாத இடத்தில் ‘இயலாது’ என்று கூறி, வல்லோரை அழைப்பதும் அவர் கற்ற பாடமே. அது கோழைமை ஆகாது. மீட்பவர் வீழ்ந்தால், மீட்கப்பட வேண்டியோர் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது.

தெரிந்து தெளிவோம்

அறுந்து கிடக்கும் மின்கம்பி அனைத்தையும் மின்சாரம் பாய்வதாகவே கருதி விலகி நிற்க வேண்டும்.
முழங்கால் அளவே ஆயினும், விரைந்து ஓடும் நீர் மனிதரைச் சாய்க்க வல்லது.
சாய்ந்த மரத்தின் வளைந்த கிளை, வெட்டியவுடன் விசையுடன் தெறிக்கும். அதன் எதிரே நிற்கலாகாது.
உதவிக்கு: மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, தீயணைப்பு 101, அவசர ஊர்தி 108.

நிறைவாக

புயல் மீண்டும் வரும்; வராமல் தடுக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. அது வரும் இரவில், நம் தெருவில் தனித்து வாழும் முதியவர் யார், நடக்க இயலாதவர் யார், மேடான இடம் எது, உறுதியான கட்டடம் எது என்பதை வெளியூரிலிருந்து வருபவர் அறியார், நாம் அறிவோம். அவ்வறிவுடன் முறையான பயிற்சியும் சேருமாயின், ஒவ்வோர் ஊரும் தன்னைத் தானே தாங்கும். துன்பம் கண்டு துடிக்கும் உள்ளம் நமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அவ்வுள்ளம் நீட்டும் கைக்குப் பயிற்சி தருவது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் பேரிடர்க் காலத்தில் முதலில் உதவி தேவைப்படுவோர் யாவர் என்பதைப் பெரியோருடன் கலந்துரையாடிப் பட்டியலிடுக.
2. கஜா புயலின்போது உங்கள் ஊரில் அல்லது அண்டை ஊரில் நடந்தவற்றை முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘மீட்புப் பணிக்குத் தேவை துணிவா, பயிற்சியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.