பாஸ்கா நாள்களில் சைவ உணவு: நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும் ஒரு பாடம்

சென்ற ஆண்டு பாஸ்கா பண்டிகை முடிந்த வாரத்தில் ஒரு பெண்மணி தம் தாயை எங்கள் உணவியல் பிரிவுக்கு அழைத்து வந்தார். தாய்க்கு நீண்டகாலமாக நீரிழிவு, சைவ உணவினர், யூத மரபை வழுவாது பேணுபவர். பண்டிகை நாள்கள் முழுவதும் புளிப்பில்லா அப்பத்தையும் உருளைக்கிழங்கையுமே அவர் உண்டிருந்தார். இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தது, மலச்சிக்கலும் வாட்டியது. "அம்மா விதியை மீறமாட்டார், நான் வேறு என்னதான் சமைப்பது?" என்று மகள் கேட்டார். அக்கேள்விக்குரிய விடையையே இப்பாடத்தில் காண்போம்.

விதி என்ன?

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா, இஸ்ரேலில் 7 நாள்களும் பிற நாடுகளில் பெரும்பாலும் 8 நாள்களும் கொண்டாடப்படுகிறது. இந்நாள்களில் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் புளித்த எதையும் உண்பதில்லை. வீட்டில் வைத்திருப்பதும் இல்லை. மாவில் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் சுட்டெடுக்கப்படும் மட்சா என்னும் அப்பமே ரொட்டிக்கு மாற்று.

ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர் அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, பட்டாணி, சோளம், எள், கடுகு ஆகியவற்றையும் மரபாக விலக்குவர். இவ்வகைக்குக் கித்னியோத் என்று பெயர். செஃபார்டி யூதரும் ஈராக்கிய யூதரும் பெரும்பாலும் இவற்றை உண்பர். 2015ஆம் ஆண்டில் அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு, அஷ்கெனாசியரும் இவற்றை உண்ணலாம் எனத் தீர்மானித்தது. ஆயினும் பலர் பழைய வழக்கத்தையே பேணுகின்றனர். ஆகவே, சமைப்பதற்கு முன் நோயாளியின் குடும்ப வழக்கத்தைக் கேட்டறிவதே முதற்படி.

புரதம் எங்கிருந்து வரும்?

பருப்பை விலக்கும் சைவர்க்குப் புரதக் குறைவே முதல் இடர். முட்டையும் பாலும் உண்பவராயின் வழி எளிது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம், 30 கிராம் பாதாம் பருப்பில் 6 கிராம், வெந்த கீன்வா ஒரு கோப்பையில் 8 கிராம் புரதம் உண்டு. கீன்வா புல்லினத் தானியமன்று. அதனை ஏற்கும் ரப்பிகள் பலர். இறைச்சியுடன் பாலைச் சேர்க்கலாகாது என்பது யூத உணவு நெறி. இறைச்சியே இல்லாத விருந்தில் பாலும் பாலாடைக்கட்டியும் தடையின்றி இடம்பெறும். சைவ இல்லத்துக்கு இது ஒரு வசதி.

ஒரு மட்சா ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ளது. அதில் 25 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. இது இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நிகர். மெல்லியது என்று எண்ணி நான்கைந்து உண்டால் சர்க்கரை ஏறாமல் என் செய்யும்? நார்ச்சத்துக்கு முழுக்கோதுமை மட்சாவும் காய்கறிகளும் போதிய நீரும் வேண்டும். மெல்ல இயலாத முதியோர் மட்சாவை நீரில் ஊறவைத்து உண்ண யூதச் சட்டநூல்களே இடமளிக்கின்றன.

செடர் இரவு

முதல் இரவின் சடங்கு விருந்து செடர் எனப்படும். தட்டில் வைக்கும் எலும்புக்குப் பதிலாகச் சைவர் பீட்ரூட்டை வைப்பதுண்டு. தல்மூதில் இதற்கு ஆதாரம் உள்ளது. நான்கு கிண்ணத் திராட்சை மதுவுக்கு மாற்றாகத் திராட்சைச் சாறு அருந்தலாம். எனினும் கிண்ணத்துக்கு 86 மில்லி எனக் கொண்டால், நான்கு கிண்ணச் சாற்றில் ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை சேரும். நீரிழிவாளர் இதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும். உணவு நள்ளிரவை நெருங்கியும் பரிமாறப்படலாம். இன்சுலின் எடுப்போர் மாலையில் அவித்த முட்டையோ பழமோ உண்பது பற்றியும் கேட்டறிக.

கீரை மினா

மினா என்பது செஃபார்டி இல்லங்களில் செய்யப்படும் மட்சா அடுக்கு. ஆறு பேருக்குரிய அளவு: மட்சா 5, பசலைக்கீரை 500 கிராம், பனீர் 250 கிராம், முட்டை 4, பால் அரைக் கோப்பை, வெங்காயம் 1, சிறிது எண்ணெய், மிளகு.

வெங்காயத்தை வதக்கி, நறுக்கிய கீரையைச் சேர்த்து நீர் வற்றும்வரை கிளறுக. ஆறியபின் உதிர்த்த பனீரையும் மூன்று முட்டைகளையும் கலக்குக. மட்சாவை நீரில் நனைத்து எடுத்து, எண்ணெய் தடவிய தட்டில் ஓர் அடுக்காகப் பரப்புக. அதன்மேல் கீரைக் கலவை, மீண்டும் மட்சா என அடுக்குக. எஞ்சிய முட்டையைப் பாலுடன் அடித்து மேலே ஊற்றி, 180 டிகிரி வெப்ப அடுப்பில் 35 முதல் 40 நிமிடம் வேகவைக்க. ஒரு பங்கில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் கிட்டும். மட்சாவோ ஒன்றுக்கும் குறைவே. நனைந்த மட்சாவை விலக்கும் ஹசிடிய வழக்கத்தினர், மட்சாவுக்கு மாற்றாக மெல்லிய கத்தரிக்காய்த் துண்டுகளை வதக்கி அடுக்கலாம்.

கவனத்திற்கு

வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையைத் திடீரெனக் கூட்டுதல் ஆகாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் செயலைக் குறைக்கும். அவர்களுக்குக் காளானால் மினா செய்க. பொட்டாசியம் கட்டுப்பாடுள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிடுக. கொட்டைப் பருப்புகளின் அளவை உணவியலாளரிடம் கேட்க. பசையம் ஒவ்வாத சீலியாக் நோயாளிகள், பசையமற்றது எனச் சான்று பெற்ற ஓட்ஸ் மட்சா தமக்கு ஏற்றதா என மருத்துவரிடம் கேட்டே உண்க.

மாத்திரையில் மாவுப்பொருள் இருக்குமோ என அஞ்சி மருந்தை நிறுத்தாதீர். உயிர்காப்பது பிற விதிகளுக்கு மேலானது என்பது யூத நெறியின் அடிப்படை. ஐயம் எழின் பண்டிகைக்கு இரு வாரம் முன்னரே மருத்துவரையும் ரப்பியையும் அணுகுக.

அந்தத் தாயிடம் நாங்கள் எந்த விதியையும் மீறச் சொல்லவில்லை. இவ்வாண்டுக்கென எட்டு நாள் உணவுப் பட்டியலொன்றை மகளுடன் அமர்ந்து எழுதினோம். அதில் பருப்பு இல்லை, புரதம் இருந்தது. வாசித்துப் பார்த்த தாய், முதல்நாள் இரவுக்கு மினாவைத் தாமே குறித்துக்கொண்டார்.