ஊசியும் நூலும்: கண்டிப் பூவேலையும் துண்டுத்துணிப் போர்வையும்

மாணவர்களே, தையல் என்றதும் கிழிந்த சட்டை நினைவுக்கு வரலாம். ஆனால் தையல் ஒரு கலை, ஒரு கணக்கு, ஒரு வரலாறும் ஆகும். மனைப்பொருளியல், சித்திரம் ஆகிய பாடங்களைக் கற்கும் நீங்கள் இம்மூன்று கோணங்களிலும் இவ்வலகைப் படியுங்கள்.

1. கண்டிப் பூவேலை

கண்டி இராச்சிய காலத்தில் அரண்மனைக்கும் பிரதானிகளுக்கும் உடை தைத்துப் பூவேலை செய்தோர் ‘ஹன்னாலி’ எனப்பட்டனர். பிரதானிகளின் தொப்பி, கொடி, வெற்றிலைப் பை ஆகியன அவர்களின் ஊசிக்கு வேலை கொடுத்தன. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. ஆதரித்த அரசவை இல்லாமற் போகவே இக்கலையும் நலிந்தது.

இக்கலை பற்றி நாம் இன்று அறிவதற்கு ஆனந்த குமாரசுவாமி (1877–1947) பெரிதும் காரணமாவார். அவர் கிராமங்கள்தோறும் சென்று கைவினைஞர்களைக் கண்டு, 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அதற்கான புகைப்படங்களை எடுத்தவர் அவரது துணைவியார் எதல்.

இப்பூவேலையை அடையாளம் காண உதவும் இயல்புகள்:
• துணி: பருத்தி.
• நூல்: பெரும்பாலும் சிவப்பு, நீலம்.
• தையல்: சங்கிலித் தையலே முதன்மையானது.
• அலங்காரம்: நடுவில் வட்டப் பூ, சுற்றிலும் கொடி, இதழ் வரிசை.

2. துண்டுத்துணிப் போர்வை

வெட்டி மிஞ்சிய துணிகளைச் சதுரமாக்கி இணைப்பது துண்டுத்துணி வேலை. அதன் கீழ் பஞ்சுப் படையும் அடித்துணியும் வைத்து மூன்றையும் ஓட்டத் தையலால் பிணைத்தால் போர்வை கிடைக்கும். அத்தையல் அழகுக்கு மட்டும் உரியதன்று. பஞ்சு ஓரிடத்தில் திரளாமல் தடுப்பதும் அதுவே. பஞ்சினுள் அடங்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே மார்கழிக் குளிரிலும் உடல் சூடு வெளியேறாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 100 செ.மீ. × 120 செ.மீ. போர்வைக்கு, தைத்து முடிந்த சதுரம் 10 செ.மீ. எனின்:
• தேவையான சதுரங்கள்: 10 × 12 = 120.
• ஒவ்வொரு பக்கமும் மூட்டுக்கு 1 செ.மீ. விடவேண்டும். எனவே வெட்டும் அளவு 12 செ.மீ.
• இரு நிறங்கள் எனின், ஒரு நிறத்திற்கு 60 சதுரங்கள்.
• 110 செ.மீ. அகலத் துணியில் ஒரு வரிசைக்கு 9 சதுரங்கள். 60 சதுரங்களுக்கு 7 வரிசைகள். 7 × 12 = 84 செ.மீ. நீளத் துணி தேவை.

கவனிக்க: மூட்டுக்கு இடம் விட மறந்து 10 செ.மீ. இல் வெட்டினால், தைத்தபின் சதுரம் 8 செ.மீ. ஆகும். போர்வை 80 × 96 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். வெட்டிய துணியை நீட்ட முடியாது!

புதிய பருத்தித் துணியை வெட்டுமுன் கழுவி உலர்த்துங்கள். பின்னர் சுருங்கினால் மூட்டுகள் இழுபடும். சாயம் போகும் துணியும் அப்போதே தெரிந்துவிடும்.

3. பழைய தையற் பொருட்களைப் பேணல்

விரற்பூண், பொத்தான், கைச்சில்லு இயந்திரம் ஆகியவற்றை விரும்பிச் சேகரிப்போர் பலர். சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. உங்கள் வீட்டில் பழைய சிங்கர் இயந்திரம் உண்டா? அதில் பொறிக்கப்பட்ட தொடரிலக்கத்தைப் பாருங்கள். 1900இற்கு முந்தியவற்றில் இலக்கம் மட்டுமே இருக்கும். பின்னர் முன்னால் ஆங்கில எழுத்தும் சேர்ந்தது. இரும்பு விலைக்குப் போடுமுன் அதையாவது எழுதி வையுங்கள்.

பழைய துணிகளை நேர் வெயிலில் வைக்காதீர்கள், நிறம் மங்கும். பொலித்தீனில் கட்டாதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மடித்தால் மடிப்பிலேயே நூல் அறும்; ஆகவே கழுவிய வெள்ளைத் துணியில் சுருட்டி வையுங்கள். துருப்பிடிக்கும் ஊசிகளை அகற்றுங்கள்.

மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: கண்டிப் பூவேலை நலிவடைந்தமைக்கு ஒரு காரணம் தருக.
விடை: 1815இல் இராச்சியம் வீழ்ந்தமையால் அரசவையின் ஆதரவு இல்லாமற் போனமை.

வினா 2: போர்வையின் மூன்று படைகளையும் ஓட்டத் தையலால் பிணைப்பது ஏன்?
விடை: பஞ்சுப் படை விலகித் திரளாமல் இருப்பதற்கு.

வினா 3: தைத்து முடிந்த சதுரம் 15 செ.மீ., மூட்டுக்கு 1 செ.மீ. எனின் வெட்டும் அளவு யாது?
விடை: 15 + 1 + 1 = 17 செ.மீ. (16 என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். சதுரத்திற்கு எதிரெதிராக இரு பக்கங்கள் உண்டு.)

செயற்பாடு: தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள கண்டி தேசிய அருங்காட்சியகத்திற்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கு காணும் ஓர் அலங்காரத்தை வரைந்து வாருங்கள். அல்லது வீட்டில் அம்மம்மாவின் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள ஒரு தையல் வேலையை யார், எப்போது, எதற்காகத் தைத்தார் எனக் கேட்டு எழுதுங்கள். துணி பெட்டியில் கிடக்கும். அதன் கதை அவரிடம் மட்டுமே உண்டு. பரீட்சை முடியும்வரை அதைத் தள்ளிப் போடாதீர்கள்.